வாக்குக் கொடுத்த குட்டி நாகம்

எகிப்தில், நைல் கரை ஊரான எஸ்னாவுக்குத் தெற்கே, பாம்பு பிடிக்கும் பக்கீத்தின் வீட்டில் வளர்ந்த குட்டி நாகம் மூன்று வருடம் எதுவும் சாப்பிடவில்லை, சாகவும் இல்லை. எடைதான் குறைந்துகொண்டே போனது. இரண்டாம் வருடம், கோதுமை அறுவடை சமயத்தில், தரையை விட்டு ஒரு முழம் மேலே மிதந்தது. பக்கீத்தின் மனைவி நுஸ்ஹா அதைக் கட்டில் காலில் நூலால் கட்டிவைத்தாள்.

குற்றம் பக்கீத்துடையது. அந்தப் பக்கத்தில் பரம்பரையாகப் பாம்பு பிடிக்கும் ரிஃபாயி சூஃபிகள் எந்தப் பாம்பைப் பிடித்தாலும், ஆதமின் பிள்ளைகளான மனுஷர்கள் மேல் வாய் வைக்க மாட்டேன் என்று அதனிடம் வாக்கு வாங்கிவிட்டுத்தான் பையில் போடுவார்கள். பாம்பு வாக்குத் தவறியதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இந்தக் குட்டியோ, வீட்டு ரொட்டி அடுப்பின் வெதுவெதுப்பில் முட்டையிலிருந்து பொரிந்தது. மகள் வர்தா பிறந்த அன்று, உள்ளே நுஸ்ஹா வலியில் கத்திக்கொண்டிருக்க, பக்கீத் பதறிப்போய் அதைப் பிடித்து, "எதுமேலயும் வாய் வைக்காதே!" என்று சொல்லிவிட்டார். குட்டி தலையசைத்தது. அவ்வளவுதான்.

சுண்டெலி, புறா முட்டை, நைல் மீன் குஞ்சு, எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். மரியாதையாகத் தலையைத் திருப்பிக்கொள்ளும். "யோவ், பச்சப்புள்ளய்யா அது! வாக்கைத் திருப்பிக் குடுத்துரு. கரும்புக் காட்டுல கொண்டுபோய் விட்டுரலாம்" என்று நுஸ்ஹா அழுதாள். "எங்க பரம்பரையில எவன்டி திருப்பிக் குடுத்தான்? ஊரு சிரிக்கும்" என்பார் அவர். ஊர் சிரிக்கவில்லை; கூட்டமாக வந்து பார்த்தது. "அடேயப்பா, பக்கீத் வாங்குன வாக்குன்னா வாக்குதான்!" என்றது. பாவி மனுஷன், அந்தப் புகழ்ச்சியை மூன்று வருடம் உட்கார்ந்து தின்றார்.

ஒருநாள் காலை வர்தா தன் ரொட்டியில் ஒரு துணுக்கைப் பிய்த்துப் பாம்பிடம் நீட்டினாள். அது வாயைத் திறந்தது. பிறகு பக்கீத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அவருக்கு அங்கேயே நெஞ்சு உடைந்துபோனது. "சாப்பிடும்மா. நான் சொன்னது தப்பு. சாப்பிடு" என்று தரையில் விழுந்து கெஞ்சினார். அது உடனே கீழ்ப்படிந்தது. ஆனால் அதன் உடம்பில் எதுவும் மிச்சமில்லை. ரொட்டித் துணுக்கு அதன் ஊடாகவே தரையில் விழுந்தது. நுஸ்ஹாதான் நூலை அவிழ்த்தாள். வாசல் பேரீச்சை மரத்தைத் தாண்டி அது மேலே போனதை ஊரே பார்த்தது.

பக்கீத் இன்றும் பாம்பு பிடிக்கிறார். வாக்கு மட்டும் கேட்பதில்லை. புதரிலிருந்து எது தலை தூக்கினாலும், எதிரே குந்தி உட்கார்ந்து, "சாப்பிட்டியா?" என்று கேட்கிறார். சாப்பிட்ட பாம்பு தலையசைக்கும். சாப்பிடாததை அங்கேயே விட்டுவிட்டு மறுநாள் வருகிறார். ஊர்க்காரர்களும் ஒரு நாள் காத்திருக்கப் பழகிவிட்டார்கள்.