வரைபடத்தில் இருந்த வாய்க்கால் பாதை

போன வருடக் குற்றால சீசன். சாரல் நன்றாக விழுந்து ஊரே வண்டிகளால் நிரம்பியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், காளீஸ்வரியின் அப்பா சுடலைமுத்துவுக்கு நெஞ்சு வலி வந்தது. காசிமேஜர்புரத்திலிருந்து தென்காசி ஆஸ்பத்திரி அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் கார் மெயின் ரோட்டில் ஏறியதோடு சரி, நகரவில்லை. முன்னாலும் பின்னாலும் வேன்கள், சுற்றுலா பஸ்கள். ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் வண்டிகளுக்கு நடுவே நடந்துபோனார்கள். அவள் கணவன் மணிமுத்து இறங்கி ஓடி, ஒவ்வொரு டிரைவரிடமும் கும்பிட்டு வழி கேட்டான். அப்பாவின் தலை அவள் மடியில் இருந்தது. "அவசரப்படாதட்டி, சீசன்னா இப்படித்தான்" என்று அவளுக்கே அவர் ஆறுதல் சொன்னார்.

அவர் பிழைத்துக்கொண்டார். காளீஸ்வரிக்குத்தான் அந்த ரோடு மனதை விட்டுப் போகவில்லை.

தென்காசியில் ஒரு கல்லூரியில் அவள் புள்ளியியல் நடத்துகிறாள். இந்தக் கோடை விடுமுறையில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி இணையத்தில் பொதுவாக வைத்திருக்கும் தரவுகளைத் தேடி இறக்கினாள். அரசுத் தளத்தில் பஸ் நேரங்களும் விபத்துக் கணக்குகளும் கிடைத்தன. தெருக்களுக்கு, ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் வரைந்து சேர்க்கும் திறந்த வரைபடம் இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தபோது, நெரிசல் எங்கே முடிச்சுப் போடுகிறது என்று திரையில் தெரிந்தது. ஐந்தருவியிலிருந்தும் பழைய குற்றாலத்திலிருந்தும் இறங்குகிற வண்டிகள் எல்லாம் கடைசியில் ஒரே ரோட்டில் வந்து விழுந்தன.

அந்த ரோட்டைத் தொடாமல் ஒரு மெல்லிய கோடும் இருந்தது. காசிமேஜர்புரத்துக்குப் பின்னால் பிரிந்து, வயல்களுக்கு நடுவே வாய்க்காலை ஒட்டிப் போய், செங்கோட்டை ரோட்டில் ஏறியது. பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது. சின்ன வயதில் அருவியில் குளித்துவிட்டு வேனில் திரும்பும்போது அந்த வழியாகத்தானே வருவார்கள்! தலையில் எண்ணெய் வாசம் போயிருக்காது. நெற்பயிரைத் தடவி வரும் காற்றில் பல் கிட்டிக்கொள்ளும். அப்பா தன் துண்டால் அவளைப் போர்த்தி, "மூக்க உறிஞ்சாதட்டி" என்பார்.

"இந்தப் பாதை இருந்தா ஆம்புலன்ஸ் நேரா போயிரும்" என்றாள் மணிமுத்துவிடம்.

"நம்ம ஊருதான, அந்தப் பக்கம் போயி வருஷமாச்சு. ஒரு எட்டு பாத்துட்டு வந்துருவோம்" என்றான் அவன்.

ஸ்கூட்டரில் போனார்கள். கொஞ்ச தூரம் வாய்க்கால் கூடவே வந்தது. பிறகு வீட்டு மனைகள். அதற்கப்புறம் ஒரு கல்யாண மண்டபத்தின் மதில் சுவர், பாதைக்குக் குறுக்கே, ரோஸ் நிற பெயின்ட்டில்.

காளீஸ்வரி இறங்காமலே உட்கார்ந்திருந்தாள். மாணவர்களிடம் தரவைச் சந்தேகப்படுங்கள் என்று வருடந்தோறும் சொல்பவள் அவள். தன் ஞாபகத்தோடு ஒத்துப்போனது என்பதற்காகவே ஒரு கோட்டை நம்பிவிட்டாள்.

அந்த வரைபடத்தில் எதை யார் வரைந்தார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும். வரைந்தவர் தன் பெயரை 'சாரல் வேன்' என்று வைத்திருந்தார். அவர் சேர்த்த மற்ற இடங்களையும் பார்த்தாள். ஒரு புரோட்டாக் கடை, ஒரு சைக்கிள் கடை, 'புளியமரம் ஸ்டாப்'. கடைகள் மூடி வெகு காலமாகிவிட்டது. புளியமரமும் ரோட்டை அகலப்படுத்தியபோது போய்விட்டது. கோபத்தோடுதான் எழுதினாள்: "நீங்கள் வரைந்த வாய்க்கால் பாதை இப்போது இல்லை. தயவுசெய்து நீக்கிவிடுங்கள்."

அன்றைக்கே பதில் வந்தது. "பாதை இருக்கு மேடம். நான் வேன் ஓட்டுன பாதை. பேரு ஒலி முகம்மது. இப்ப சவூதியில தம்மாம்ல இருக்கேன்."

மண்டபத்தைப் படம் எடுத்து, தான் யார் என்பதையும் போன் நம்பரையும் சேர்த்து அனுப்பினாள். மறுநாள் அவர் போனில் கூப்பிட்டார்.

"டீச்சர், இது எப்ப கட்டுனாங்க?"

"வருஷமாச்சு அண்ணாச்சி. நீங்க லீவுல வந்தப்போ பாக்கலையா?"

"லீவுல எங்க பாக்க? ஒரு கல்யாணம், ஒரு மய்யித்து அடக்கம், அதுக்குள்ள டிக்கெட் தேதி வந்துரும்." பிறகு அவரே சொன்னார்: "வெள்ளிக்கிழம லீவு. ரூம்ல எல்லாரும் படுத்துக் கெடப்பாங்க. நான் போன எடுத்து வச்சுக்கிட்டு ஊருக்குள்ள ஒரு ரவுண்டு வருவேன். நெனவு வர வர ஒவ்வொண்ணா போட்டேன். சரியாத்தான் போட்டேன் டீச்சர்."

"சரிதான் அண்ணாச்சி. அந்தக் காலத்துக்குச் சரி."

அதற்கு மேல் அவளால் கறாராகப் பேச முடியவில்லை. ஆனாலும் அந்தக் கோட்டை நம்பி ஏதாவது ஆம்புலன்ஸ் திரும்பிவிட்டால் என்ற பயம் இருந்தது. அதைச் சொன்னபோது, "நான் நேர்ல வந்து பாத்துட்டு எடுக்கேன். அதுவரைக்கும் பாதை அடைப்புன்னு மட்டும் போட்டு வைங்க" என்றார். அவள் அப்படியே செய்தாள்.

ஆனி மாதம் ஒலி முகம்மது லீவில் வந்துவிட்டார். மனைவி ஜாஹிரா பீவியையும் கூட்டிக்கொண்டு காளீஸ்வரி வீட்டுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், தாடி முழுக்க நரைத்திருந்தது. ஜாஹிரா பீவி உட்கார்ந்ததுமே சொன்னாள்: "வந்த அன்னைக்கே கெளம்பிட்டாவ. வீட்டுல ஓடு மாத்தினத இன்னும் ஏறெடுத்துப் பாக்கல. ரோட்ட பாக்கப் போறாவளாம்."

எல்லோருமாக நடந்தே போனார்கள். மண்டபத்தில் அன்று விசேஷம். உள்ளேயிருந்து நாதஸ்வரமும் ரசத்தின் வாசமும் வந்தன. ஒலி முகம்மது மதிலை ஒட்டி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தார். ஓரிடத்தில் நின்று உள்ளங்கையைச் சுவரில் வைத்தார்.

"இங்கனதான் வளைவு. மழையில வண்டி வழுக்கும். வளைவு திரும்பினதும் பின்னால உக்காந்திருக்கிற பிள்ளைங்க எல்லாம் ஓன்னு கத்தும்."

"நானும் கத்தியிருக்கேன்" என்றாள் காளீஸ்வரி.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். தன் வேனில் வந்த பிள்ளைகளில் ஒருத்தியா என்று முகத்தில் தேடுவது போலிருந்தது. அப்போது வாசலில் நின்றிருந்த ஒருவர் இவர்களைப் பார்த்துவிட்டு வந்து, "பொண்ணு வீடா, மாப்பிள வீடா? பந்தி போட்டாச்சு, வாங்க" என்று கையைப் பிடித்தார். ஒலி முகம்மதுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் இருந்தார், கண் மட்டும் நிறைந்துவிட்டது. ஜாஹிரா பீவி முக்காட்டு நுனியை அவரிடம் நீட்டினாள்.

வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து, போனில் அந்தக் கோட்டை அவரே அழித்தார். பிறகு மண்டபத்தைச் சுற்றி நான்கு மூலையும் வைத்து வரைந்து, பெயரைக் காளீஸ்வரியிடம் எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதினார்.

அடுத்த நாட்களில் ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலுமாகத் தெருத் தெருவாகச் சுற்றினார்கள். அவருக்குத் தெரிந்த சந்துகளில் பாதி அடைபட்டிருந்தன. அவருக்கும் அவளுக்கும் தெரியாத சிமென்ட் தெருக்கள் புதிதாக வந்திருந்தன. அவற்றில் ஒன்று வளைந்து வளைந்து போனாலும் ஒரு ஆம்புலன்ஸ் போகும் அகலத்தில் செங்கோட்டை ரோட்டைத் தொட்டது. அதை வரைந்தார்கள். நெரிசல் கணக்கோடு சேர்த்து, போக்குவரத்து போலீஸ் ஆய்வாளரிடம் காளீஸ்வரி கொடுத்தாள். அவர் பொறுமையாகப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை மட்டும் அந்தத் தெருவுல வண்டி நிறுத்தாம பாத்துக்கலாம், செஞ்சு பாப்போம்" என்றார்.

சில ஞாயிறுகளில் அது பலித்தது. ஆடி அமாவாசை அன்று எதுவுமே பலிக்கவில்லை. அந்தச் சிமென்ட் தெருவிலும் யாரோ வேனை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போயிருந்தார்கள். காளீஸ்வரி திரும்பவும் கணக்கோடு உட்கார்ந்தாள்.

தம்மாமுக்குத் திரும்புவதற்கு முன்னால் ஒலி முகம்மதுவுக்கு ஓர் ஆசை. "எப்பவும் ஸ்டியரிங்கப் பிடிச்சுக்கிட்டே போயிருக்கேன். ஒருநாள் சும்மா உக்காந்து போகணும்." அவரும் ஜாஹிரா பீவியும் காளீஸ்வரியின் குடும்பத்தோடு தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு டவுன் பஸ் ஏறினார்கள். சுடலைமுத்துவும் வந்தார். மேலகரம் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது.

"எறங்கி நடந்தா சீக்கிரம் போயிரலாம்" என்று மணிமுத்து எழுந்தான்.

"சீக்கிரம் போயி என்ன செய்யப் போறோம், இருங்க தம்பி" என்றார் ஒலி முகம்மது.

ஜன்னல் கண்ணாடியைத் தள்ளிவிட்டார். மலை தெரியாதபடி மேகம் இறங்கியிருந்தது. சாரல் உள்ளே வந்து எல்லோர் முகத்திலும் விழுந்தது. "சளி பிடிக்கும், மூடுங்க" என்றாள் ஜாஹிரா பீவி. அவர் மூடவில்லை. கொஞ்ச நேரத்தில் அவளும் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.