மன அமைதிச் சங்கத்தின் சுதந்திர தினம்

சகலருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: மனிதகுலத்தின் துயர் துடைக்க 1965 பிப்ரவரியில், போர்ட் பிளேரில், கைதிகள் மன அமைதிச் சங்கம் உதயமாயிற்று. தலைவர், துணைத் தலைவர்கள், பொருளாளர், புரவலர்கள் எனப் பொறுப்பாளர்கள் பதினோரு பேர். சிறையில் இருந்த கைதிகள் ஐந்து பேர்.

வேலை செய்தவர் செயலாளர் கிளாரா மட்டும்தான். ஷாதிபூரில் குடியிருந்த நர்ஸ். ஞாயிறு மாலைகளில் சிறைக்குப் போய்க் கைதிகளை மூச்சு இழுத்துவிடச் சொல்வார், கைகால் நீட்டி மடக்க வைப்பார், கடைசியில் பாட வைப்பார். ஒரு வருஷமாக யாரிடமும் வாய் திறக்காத மீனவர் பிரகாசம் அந்த வகுப்பில்தான் முதலில் முனகினார், பிறகு பாடினார், அப்புறம் குழம்பில் உப்பில்லை என்று சண்டையே போட்டார். அன்று கிளாரா ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

ஆனால் அனுமதி ஆறு மாதத்துக்குத்தான். ஆகஸ்ட் பதினைந்து, ஞாயிறு மாலை, சிறைத்துறை மேலதிகாரி வந்து வகுப்பைப் பார்ப்பார். திருப்தி என்றால் நிரந்தரம். இல்லாவிட்டால் கதவு சாத்தப்படும்.

அன்று காலை சிறையில் கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். கையோடு ஐந்து பேரையும் விடுதலை செய்துவிட்டார்கள்.

சங்கத் தலைவரான மரக் கான்ட்ராக்டர் ஜம்புலிங்கம் மரைன் ஹில்லிலிருந்து ஜீப்பில் பறந்து வந்தார்.

"என்ன கிளாரா, ஒருத்தனையாவது பிடிச்சு வைக்கக் கூடாதா?"

"விடுதலைன்னா சந்தோஷப்படணும் சார்."

"சந்தோஷம் அப்புறம். நம்ம லாரி டிரைவருங்க நாலு பேரை உள்ள உக்கார வைக்கட்டுமா? பார்த்தா கைதி மாதிரியேதான் இருப்பானுங்க."

"நீங்களே உக்காருங்க சார். இன்னும் பொருத்தமா இருக்கும்."

மாலையில் கிளாரா சிறை வாசலில் தனியாக நின்றார். அப்போது சிறை இருந்த மேட்டில் பிரகாசம் ஏறி வந்தார், பின்னால் மற்ற நால்வரும்.

"அக்கா, இன்னைக்கு கிளாஸ் இல்லையா? ஊருக்குப் போற கப்பல், மெயின்லேண்ட் ஜஹாஸ், வர இன்னும் பத்து நாளாகுமாம்."

காவலர் குறுக்கே வந்தார். "அந்தர் நஹி! நீதான் காலையிலயே ரிஹா ஆகி வெளிய போயிட்டியே!"

"நேத்து வெளிய விட மாட்டேன்னே. இன்னைக்கு உள்ள விட மாட்டேங்கிற. உனக்கு என்னதான்யா வேணும்?"

கிளாரா சிரித்தார். வாசலிலேயே புல்லில் எல்லோரையும் உட்கார வைத்தார். வழியில் போன காய்கறிக்காரி, துறைமுகக் கூலிகள், கடைசியில் காவலரும் மூச்சை இழுத்து விட்டார்கள். பிரகாசம் பாட்டை எடுத்துக் கொடுக்க, மேடு முழுக்கப் பாடியது.

நடுவில் மேலதிகாரியின் ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே மாலையும் கையுமாக ஜம்புலிங்கம்.

"கைதிகள் எங்கே?" என்றார் மேலதிகாரி.

"இவங்கதான் சார். காலை வரைக்கும்" என்றார் கிளாரா.

அவர் பிரகாசத்தின் பக்கம் திரும்பினார். "உன்னை யார் வரச் சொன்னது?"

"உள்ள இருந்தப்போ வார்டன் வரச் சொன்னாரு சாப். இன்னைக்கு நானே வந்தேன்."

மேலதிகாரி பேனாவை எடுத்துத் தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு, "அனுமதி நிரந்தரம்" என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. பிரகாசம் கிளாராவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஜம்புலிங்கம் அதிகாரிக்காக வாங்கிய மாலையை உணர்ச்சிவசப்பட்டுத் தானே போட்டுக்கொண்டு, தம் தியாகங்களைப் பற்றி நெடுநேரம் பேசினார். மேட்டில் மறுபடி பாட்டு கிளம்பி அவர் குரலை அமுக்கியது.

அன்று முதல் சங்கம் எந்த ஞாயிறும் சிறைக்குள் போகலாம்.

சிறையில் யாரும் இல்லை.