உள்ளே மடித்த சீட்டு

கோப்பிக்கொட்டை வறுக்க முதல் மெஹ்ரெத் செய்கிற வேலை, கூரையில் இருக்கும் தீ எச்சரிக்கைக் கருவியை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக் கட்டுவது. நொர்வேயில், மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் அடுக்குமாடியில் எல்லோருக்கும் இது தெரியும். எரித்திரேயக்காரருக்குப் புகை இல்லாமல் கோப்பி இல்லை. வறுத்த புகையை வந்திருப்பவர்களின் முகத்துக்கு நேரே கொண்டுவந்து காட்டி, பிறகு இடித்து, மண்குடுவையில் காய்ச்சி, மூன்று தரம் ஊற்றுவாள். மூன்றாவது கோப்பை ஆசீர்வாதம். அதைக் குடிக்காமல் எழும்புகிறவன் அந்த வீட்டையே வேண்டாம் என்கிறான். இதை எனக்கு விளங்கப்படுத்தியவன் ஹப்தொம். விளங்கப்படுத்தியவனே ஒரு நாள் இரண்டாவது கோப்பையோடு நிறுத்தி எழும்பிப் போனான்.

நான் மரியரஞ்சனி, மன்னார் ஆள். மெஹ்ரெத்தும் நானும் ஒரே முதியோர் இல்லத்தில் வேலை, ஒரே கத்தோலிக்கக் கோயிலில் பூசை. ஹப்தொம் பஸ் ஓட்டுகிறவன். மெஹ்ரெத்தின் மகள் செனாய்ட்டுக்கு ஞானத்தகப்பன். புருஷன்காரன் விட்டுவிட்டுப் போனபோது கட்டிலை மாடிக்கு ஏற்றியவனும் அவன்தான், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் வேலையை விட்டு ஓடிவருகிறவனும் அவன்தான். நான் இருந்தால் இரண்டு பேரும் மரியாதைக்கு நொர்வேஜிய மொழியில் கதைப்பார்கள். வாசலில் சப்பாத்துப் போடும்போது மட்டும் அவன் தங்கள் பாஷையில் "ஹஃப்தெய்" என்பான். என் தங்கச்சி என்று அர்த்தம். ஒரு நாளும் அதைச் சொல்லாமல் அவன் கதவைச் சாத்தியதில்லை.

2003இல் நகரசபைத் தேர்தல் வந்தது. வலப்பக்கக் கட்சியொன்று தன் பட்டியலின் கீழ்ப்பக்கத்தில் ஹப்தொமுக்கு ஓர் இடம் கொடுத்தது. அன்றுமுதல் அவனைப் பிடிக்க முடியவில்லை. எரித்திரேயர், சோமாலியர், கானாக்காரர், காம்பியாக்காரர் என்று ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கினான். தங்களுக்குள் ஒருவரையொருவர் ஏறெடுத்தும் பார்க்காத ஆட்கள் எல்லாம் அந்த ஓகஸ்ட் மாதம் ஒரே இனம் ஆகிவிட்டார்கள். நான் சிரித்தேன்தான். ஆனால் எங்கள் ஆட்கள் மட்டும் குறைந்தவர்களா? பட்டியலில் ஒரு தமிழ்ப் பெயரைக் கண்டால் போதும், எந்தக் கட்சி என்று கேட்கிறவனைத் துரோகி ஆக்கிவிடுவார்கள்.

மெஹ்ரெத் கேட்டாள். அதுதான் பிரச்சினை.

"உங்கடை கட்சி எங்கடை முதியோர் இல்லத்தைத் தனியார் கொம்பனிக்குக் குடுக்கப்போகுதாம். உண்மையோ?"

"அது வேறை கதை. அந்தச் சபையிலை ஒரு கறுப்பு முகம் இருக்குதோ, சொல்லு. எங்கடை பெடியளைப் பொலிஸ் நிப்பாட்டிச் சோதிக்கேக்கை ஆர் எழும்பிக் கதைக்கிறது?"

"நீ கதைப்பாய், அது எனக்குத் தெரியும். ஆனால் எங்கடை இல்லத்தை விக்கிற அண்டைக்கும் நீதான் கையைத் தூக்குவாய். கறுப்புக் கையெண்டால் எனக்கு வேலை போகாதோ?"

இரண்டாவது கோப்பை அவன் கையில் இருந்தது. அதை அப்படியே தட்டில் வைத்தான்.

"ரத்தமெண்டு ஒண்டு இருக்குது, மெஹ்ரெத்."

"இருக்குது. அதுக்காக என்ரை மூளையைக் கழட்டி உன்னட்டைத் தரேலாது."

அவன் எழும்பிவிட்டான். மூன்றாவது கோப்பி குடுவையில் கொதித்துக்கொண்டிருந்தது. "ஹப்தொம், இரு" என்று நான் சொன்னது அவனுக்குக் கேட்டதோ என்னவோ. கதவு சாத்திய சத்தம்தான் வந்தது. "ஹஃப்தெய்" என்ற அந்த ஒரு சொல் வரவில்லை. மெஹ்ரெத் குடுவையைத் தூக்கிக்கொண்டுபோய்த் தொட்டியில் கவிழ்த்தாள். எனக்கு இரண்டு பேரிலும் கோபம் வந்தது. அவளிடம் நியாயம் இருந்தது, அவனிடமும் இருந்தது. நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

தேர்தலில் ஹப்தொம் தோற்றான். பெரிய தோல்வி இல்லை, கொஞ்ச வாக்குகளால் கைநழுவிப் போனது. மெஹ்ரெத்தின் ஒரு வாக்கு வந்திருந்தாலும் அவன் வென்றிருக்க மாட்டான். ஆனால் ஊர்வாய்க்கு ஓர் ஆள் வேண்டுமே. பூசை முடிந்து மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது எரித்திரேயப் பெண்கள் அவள் உட்கார்ந்த வாங்கில் இருந்து ஒவ்வொருவராக நழுவினார்கள். வெள்ளைக்காரருக்குப் போட்டவள் என்றார்கள்.  நான்தான் போய் அவள் பக்கத்தில் இருந்து, அவர்களுக்குக் கேட்கத்தக்கதாகத் தமிழில் நாலு வார்த்தை பேசினேன். விளங்கியிருக்காது. எனக்கு மனம் ஆறியது.

ஒக்டோபரில் செனாய்ட்டின் பிறந்தநாள். ஞானத்தகப்பன் வராமல் இருக்க முடியுமா? ஹப்தொம் ஒரு பொம்மைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். மெலிந்திருந்தான். கூரையில் பை ஏறியது, கொட்டை வறுபட்டது, முதல் கோப்பை முடிந்தது. இரண்டாவதை ஊற்றும்போதுதான் மெஹ்ரெத் வாயைத் திறந்தாள்.

"எல்லாரும் என்னென்னவோ சொல்லுகினம். நான் உனக்கும் போட்டனான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "எனக்கும் எண்டால்?"

"பள்ளிக்கூடத்திலை திரைக்குள்ளை எல்லாக் கட்சிச் சீட்டும் அடுக்கிக் கிடந்தது. என்ரை கட்சிச் சீட்டை எடுத்தன். உன்ரை பேர் இருந்த சீட்டை அங்கை விட்டிட்டு வர மனம் வரேல்லை. அதையும் எடுத்து உன்ரை பேருக்கு நேரை அடையாளம் போட்டன். இரண்டையும் ஒண்டா மடிச்சுப் போட்டிட்டு வந்தனான்."

இத்தனை வாரமாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டா அந்த வாங்கில் தனியாக இருந்தாள்!  ஏன் சொல்லவில்லை என்று பிறகு நான் கேட்டதற்கு, கேட்கிறவனுக்குச் சொல்லலாம், கோபித்துக்கொண்டு போனவனுக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சொல்ல ஏலாது என்றாள். வீம்பில் அவளும் அவனுக்குக் குறைந்த பிறவி இல்லை.

ஹப்தொம் மெதுவாகக் கேட்டான். "எது வெளியிலை இருந்தது?"

"என்னத்துக்குக் கேக்கிறாய்?"

"பெட்டிக்குள்ளை போட முதல் சீட்டிலை முத்திரை குத்தினவையெல்லோ. வெளியிலை இருந்த சீட்டிலைதான் முத்திரை விழுந்திருக்கும். முத்திரை இல்லாத சீட்டை எண்ணமாட்டினம்."

மெஹ்ரெத் குடுவையைக் கீழே வைத்தாள். "உன்ரையை உள்ளுக்கை வைச்சனான்" என்றாள். "கசங்காமல் இருக்கட்டும் எண்டு."

 செனாய்ட் பெட்டியைக் கிழித்துக்கொண்டிருந்தாள். ஹப்தொம் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு சொன்னதை அவன் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"இரண்டு சீட்டுத் தேவையில்லை, மெஹ்ரெத். உன்ரை கட்சிச் சீட்டிலேயே ஒரு வெறும் இடம் இருக்குது. வேறை கட்சி ஆளின்ரை பேரை அதிலை எழுதலாம். நீ உன்ரை கட்சிக்கும் போட்டு, எனக்கும் போட்டிருக்கலாம்."

"உனக்கு இது எப்ப தெரியும்?"

"முதலே தெரியும்."

"அண்டைக்கு இஞ்சை இருந்து சண்டை பிடிக்கேக்கையும்?"

"ஓம்." அவன் தலையைத் தூக்கவில்லை. "மற்ற ஆக்களுக்கெல்லாம் சொன்னனான். உனக்குச் சொல்ல மனம் வரேல்லை. நீ பாதி தந்தால் காணாது எண்டு நினைச்சன். நீ முழுசா என்ரை பக்கம் வரவேணுமெண்டு ஆசைப்பட்டன்."

எழும்பி அவன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. அதே நேரம் அழுகையும் வந்தது. ஒரு வசனம். ஒரே ஒரு வசனம் சொல்லியிருந்தால் அவளும் எழுதியிருப்பாள், அவனும் அன்றைக்கு மூன்றாவது கோப்பையைக் குடித்திருப்பான்.

மெஹ்ரெத் எழும்பினாள். குடுவையில் மூன்றாம் தரம் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, கோப்பைகளை வரிசையாக வைத்து ஊற்றினாள்.  ஹப்தொம் அடிவரைக்கும் குடித்தான். செனாய்ட்டின் தலையைத் தடவினான். வாசலுக்குப் போய் நிதானமாகச் சப்பாத்தைப் போட்டான். மெஹ்ரெத் கதவுப்பிடியில் கை வைத்துக்கொண்டு காத்து நின்றாள்; அவள் எதற்காக நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"தக் ஃபொர் கஃபென்" என்றான் அவன்.

கோப்பிக்கு நன்றி. நொர்வேஜியர் பக்கத்து வீட்டாருக்குச் சொல்வது. அதைச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான்.

நான் கதிரையில் ஏறிக் கூரையில் இருந்த பையை அவிழ்த்தேன். மெஹ்ரெத் கதவைச் சாத்தாமல் அதிலேயே நின்றாள். கீழே வெளிக்கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினாள்.

"மூண்டாவதையும் குடிச்சவன்தானே?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன். "குடிச்சவன்."