மூன்று தட்டு

வீட்டில் இருப்பது நாலு பேர். சாப்பாட்டு மேசையில் வாண்டு வைக்கிற தட்டோ மூன்று. விட்டுப்போனது யாருடைய தட்டு என்று தையற்காரிக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவளுடையதுதான்! பெற்ற தாயையே கணக்கில் சேர்க்காத பிள்ளையும் உண்டா?

தட்டு வைக்கிற வேலையைக் குழந்தைக்குக் கொடுத்தவள் நாத்தனார். அவள் மழலையர் பள்ளி டீச்சர். புருஷனோடு ஒத்துப்போகாமல் பெட்டியும் கையுமாக அண்ணன் வீட்டுக்கு வந்தவள், வந்த நாளிலிருந்து வீட்டுச் சாமான்களை வைத்தே மருமகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். வாசலில் கிடக்கிற செருப்பை ஜோடி சேர்க்க வேண்டும், துவைத்த சாக்ஸுக்குத் துணை தேட வேண்டும், சாப்பிடும்போது ஆளுக்கொரு தட்டு வைக்க வேண்டும். முதலில் தையற்காரியும் பூரித்துத்தான் போனாள். இப்போது அத்தனையும் சதியாகத் தெரிந்தது.

முதல் நாள், மறந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். மறுநாளும் மூன்று. அதற்கடுத்த நாளும் அதே மூன்று. முன்னறையில் தையல் மிஷினை மிதித்தபடியே காதைத் தீட்டிக்கொண்டாள். உள்ளே அத்தையும் மருமகளும் குசுகுசுவென்று பேசிச் சிரித்தார்கள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் இவள் எழுந்து போனால் பேச்சு கப்பென்று நின்றது. அப்படி என்ன பொல்லாத ரகசியம்? தனக்கென்று ஒன்று இல்லாதவள், என் பிள்ளையை வளைத்துப் போடப் பார்க்கிறாளா? குழந்தையிடம் நேராகக் கேட்கவும் பயம். "அம்மா வேணாம்" என்று அந்த வாயாலேயே வந்துவிட்டால் என்ன செய்வது?

புருஷனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"என்னங்க, உங்க தங்கச்சி போக்கே சரியில்ல. தட்டைக் கவனிச்சீங்களா?"

"சின்னப் புள்ள தட்டு வைக்கிறதுல கூடவா உனக்கு அரசியல்?" என்று அவன் போனைப் பார்க்கப் போய்விட்டான். நல்ல ஆளிடம் போய்ச் சொன்னாள்!

அன்று சாயங்காலம் சமையலறை வாசலில் ஒளிந்து நின்றாள். வாண்டு ஒவ்வொரு நாற்காலியாகத் தொட்டுத் தட்டு வைத்தது.

"அப்பா ஒண்ணு, அத்தை ரெண்டு, நான் மூணு!"

"சபாஷ், ரொம்பச் சரி!" என்றாள் நாத்தனார்.

அவ்வளவுதான், தையற்காரிக்குப் பொறுக்கவில்லை.

"எதுடி சரி? என்னைக் கழிச்சிட்டுக் கணக்குப் போடத்தான் குசுகுசுன்னு கத்துக்குடுத்தியா? உன் குடும்பம் உடைஞ்சதுக்கு என் குடும்பத்துலயா கை வைப்பே?"

நாத்தனாரின் முகம் செத்துவிட்டது. "ஐயோ அண்ணி, என்ன பேசுறீங்க? நீங்க வேலையில இருக்கீங்க, சத்தம் போட்டா கத்துவீங்கன்னு நாங்க மெதுவாப் பேசுறதே உங்களுக்குப் பயந்துதான்."

"நாடகம் ஆடாதே!"

வாண்டு மிரண்டுபோய் ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து, நாலாவது நாற்காலிக்கு இழுத்துப் போனது. அதில் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள் சாய்மானமே மறையும்படி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன.

"ஒரு ஆள் உட்கார்ந்தா ஒரு தட்டுன்னு அத்தை சொன்னாங்கம்மா. இதுல துணிதானே உட்கார்ந்திருக்கு? துணி சாப்பிடாது."

"அப்போ நான்?"

"நீதான் அடுப்புகிட்ட நின்னுக்கிட்டே சட்டியோட சாப்பிடுவியே. உனக்குத் தட்டு எதுக்கு?"

தையற்காரி அந்தத் துணியடுக்கைப் பார்த்தாள். சீருடை ஆர்டர் பிடித்ததிலிருந்து அவள் அந்த மேசையில் உட்கார்ந்ததே இல்லை. அந்தத் துணியை அங்கே அடுக்கியதும் சாட்சாத் அவளேதான். அதற்குள் அந்தப் பெண்ணை என்னவெல்லாம் சொல்லிவிட்டாள்!

"கண்டபடி பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே," என்றாள் நாத்தனாரிடம்.

நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துணியை அள்ளிச் சோபாவில் போட்டாள். தையற்காரி உட்கார்ந்தாள். வாண்டு அலமாரிக்கு ஓடி இன்னொரு தட்டை எடுத்துவந்து, வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றது.

"அம்மா, நாளைக்கும் உன்னை எண்ணணுமா? இல்ல, இன்னைக்கு மட்டுமா?"

சத்தம் கேட்டுப் போனும் கையுமாக வந்து நின்ற புருஷனோடு சேர்த்து மூன்று பேரும் அவளையே பார்த்தார்கள். நாளை ராத்திரிக்குள் சீருடை முழுவதையும் முடித்தாக வேண்டும். தையற்காரி வாயைத் திறந்தாள். பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளுக்கு "நாளைக்கும்தான்" என்று பொய் சொல்ல வரவில்லை.