நாலு விரல் இடைவெளி

கண்ணாடிச் சாமான் ஆலையில் நாற்பது வருஷம் வைக்கோல் திணித்துப் பெட்டி கட்டியவரை எல்லோரும் வைக்கோல்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவர் கட்டி அனுப்பிய பெட்டியில் ஒரு குவளைகூட விரிசல் விட்டதில்லை. அந்தத் தலைக்கனம் அவருக்கு உண்டு. யாரையும் நம்பாத குணமோ கூடவே பிறந்தது.

நேற்றுக் காலை ஆஸ்பத்திரியில் மனைவி கண்ணை மூடிவிட்டாள். இடுப்பெலும்பு முறிந்து எட்டு மாசம் படுக்கை. வண்டியில் ஏற்றிப் போகும்போதெல்லாம் பள்ளத்துக்குப் பள்ளம் அவர் மணிக்கட்டைப் பிடித்து நெரிப்பாள். "அடுத்த தடவையாச்சும் குலுங்காமக் கூட்டிட்டுப் போங்க," என்றாள் கடைசியாகப் போன அன்று. "சரிடி," என்று வாக்குக் கொடுத்திருந்தார். இனி மிச்சமிருப்பது ஒரே ஒரு பயணம். இடுகாட்டுச் சாலையையோ குழாய் பதிக்கிறோம் என்று நெடுகத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள்.

அதனால்தான், ஈமக் காரியங்களை ஏற்று நடத்தும் பெட்டிக்காரர் ஆள் விட்டு அளவெடுப்பதாகச் சொன்னபோது, "எம் பொண்டாட்டிய அளக்க நீ யாரு?" என்று போனிலேயே கடித்துவிட்டு, தானே அளந்து அளவைச் சொன்னார்.

இன்று சவப்பெட்டி தயார். அவளையும் ஆஸ்பத்திரியிலிருந்து பெட்டிக்காரரின் கூடத்துக்கே கொண்டு வந்துவிட்டார்கள். மச்சினனையும் அழைத்துக்கொண்டு போனார். மனைவியின் தம்பி, வாய் ஓயாது என்பதால் பெயரே ரேடியோ.

பெட்டிக்காரர் மிருதுவாகப் பேசினார். இவ்வளவு மெதுவாகப் பேசுகிறவன் எதையோ ஒளிக்கிறான் என்று வைக்கோல்காரருக்குப் பட்டது. குனிந்து பெட்டியின் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தார். ஆணி வரிசையைத் தடவினார். குறை அகப்படாததில் எரிச்சல் கூடியது.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க," என்றார் பெட்டிக்காரர். "நீங்க சொன்ன அளவுக்குத்தான் செஞ்சோம். ஆனா அம்மாவுக்கு இது ரொம்பப் பெருசு. சுத்தி நாலு விரல் சும்மா நிக்குது."

"அளவு தப்புங்கிறியா? நாற்பது வருஷம்…"

ரேடியோவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. "ஐயோ மாமா! வைக்கோலுக்கும் சேர்த்துல்ல அளவு குடுத்திருக்கீங்க! எங்கக்காவ என்ன ஏத்துமதியா பண்றீங்க?"

சிரித்தவன் பாதியிலேயே நிறுத்திக்கொண்டான். வைக்கோல்காரரின் முகம் செத்துப் போயிருந்தது. அளந்தபோது யோசிக்கவேயில்லை. கை தன்பாட்டுக்கு நாலு விரல் கூட்டியிருக்கிறது. நாற்பது வருஷத்தில் முதல் தப்பு, அதுவும் இவளுக்கு.

"உள்ளே ரெடியா ஒண்ணு இருக்கு," என்று பெட்டிக்காரர் காட்டினார். வழுவழுப்பான பெட்டி, அளவெடுத்துத் தைத்ததுபோல.

வைக்கோல்காரர் உள்ளே கையை விட்டுப் பார்த்தார். "இதுல பலக இடுப்பை ஒட்டி நிக்கும். அந்த ரோட்டுல போனா?"

பெட்டிக்காரர் கொஞ்சம் தயங்கினார். "இடிக்கும், ஐயா. பொய் சொல்ல மாட்டேன்."

வைக்கோல்காரர் அவரை முதல் தடவையாக ஏறிட்டுப் பார்த்தார். பிறகு திரும்பி, "டேய் ரேடியோ, வீட்டுக்குப் போ. உங்கக்கா பருத்திப் புடவை அத்தனையும் எடுத்துட்டு வா. பட்டு வேண்டாம், வழுக்கும்," என்றார். "பெரிய பெட்டியே இருக்கட்டும், தம்பி. ஆனா நாந்தான் கட்டுவேன்."

"குடும்பத்துக்காரங்கள உள்ளே விடுறதில்லீங்க…"

"நான் குடும்பத்துக்காரன் இல்லய்யா. பெட்டி கட்டுறவன்."

பெட்டிக்காரர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டார்.

புடவைகள் வந்தன. துவைத்துத் துவைத்து நைந்த சேலைகள். அவளைக் கிடத்தியபின், ஒவ்வொன்றாகச் சுருட்டிப் பக்கவாட்டில் செருகினார். தோளுக்கு ரெண்டு. முறிந்த இடுப்புக்கு நாலு, அதுவும் மெத்தென்று இருப்பதாகப் பார்த்து. "இறுக்கிடாத, தம்பி. பிடிக்கவும் கூடாது, ஆடவும் கூடாது," என்று அதட்ட, பெட்டிக்காரர் அப்படியே செய்தார். ரேடியோ அன்று அணைந்தே கிடந்தான். கண்ணைத் துடைக்கவே கை சரியாயிருந்தது.

மூடியபின் வைக்கோல்காரர், "ஒரு முனையைப் பிடிச்சு லேசா ஆட்டுங்க," என்றார்.

பெட்டிக்காரர் திகைத்தார்.

"ஆட்டுய்யா. ஆட்டாம எந்தப் பெட்டியும் என் கையை விட்டுப் போனதில்ல."

பெட்டிக்காரரும் ரேடியோவும் ஒரு பக்கம் தூக்கி மெல்ல அசைத்தார்கள். வைக்கோல்காரர் பலகையில் காதை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தடவை அசைக்கச் சொன்னார். அப்போதும் இல்லை.

காதை எடுக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

"போலாம்," என்றார். வண்டியில் ரேடியோவை டிரைவர் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு, தான் பின்னால் ஏறிப் பெட்டியருகே உட்கார்ந்தார். முதல் பள்ளத்தில் வண்டி தூக்கிப் போட்டபோது, தன்னையறியாமல் மணிக்கட்டை நீட்டினார்.

யாரும் பிடிக்கவில்லை.

"நல்லாத் தூங்கு," என்று சொல்லிக் கையை மூடிமேல் வைத்துக்கொண்டார்.