கோணல் நட்சத்திரம்

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் வரை நட்சத்திர விளக்கு பரணில்தான் கிடந்தது. பெர்லிதா அதை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் டோமெங் மூங்கில் வளைத்துக் கட்டியது. ஒரு முனை கோணல். "கடல்லேர்ந்து பாத்தா அந்தக் கோணலை வெச்சுத்தாண்டி நம்ம வீட்டைக் கண்டுபிடிக்கிறேன்" என்று பெருமை வேறு அடித்துக்கொள்வான். செப்டம்பர் புயலில் போன அவன் படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷம் நட்சத்திரம் தொங்கவிடக் கூடாது என்பது அந்தக் கடலோரத்து வழக்கம். ஏற்றினால், புருஷன் போன வருஷமே கொண்டாட்டம் கேட்கிறதா என்பார்கள். ஏற்றாவிட்டால், அவன் செத்துவிட்டான் என்று அவளே ஒப்புக்கொண்ட மாதிரி. பக்கத்து வீட்டில் இருக்கும் மாமியார் சாலிங் அக்டோபரிலேயே துக்கத்துக்குக் கறுப்பு உடுத்திவிட்டாள். பெர்லிதா உடுத்தவில்லை. அதிலிருந்து இருவருக்கும் பேச்சு குறைந்துபோனது.

அன்று விடியற்காலைப் பூசை முடிந்ததும், விளக்கு ஏற்றலாமா என்று ஃபாதரிடம் கேட்டிருந்தாள்.

"வெளிச்சம்னாலே சந்தோஷந்தாம்மா. துக்க வீட்டுக்கும் சேத்துத்தான் பாலன் பொறக்கிறாரு."

"எங்க வீடு துக்க வீடா ஃபாதர்?"

அவர் அவள் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டு நகர்ந்துவிட்டார். பதில் தெரியாத இடத்தில் ஆசீர்வாதம் கைகொடுக்கும்.

இருட்டத் தொடங்கியபோது, ஏனென்று தனக்கே புரியாமல், விளக்கை ஜன்னலில் மாட்டி சுவிட்சைப் போட்டாள்.

எதிர்வீட்டு மெடிங், சுடச்சுட அரிசி கேக்குத் தட்டோடு ஓடிவந்தாள். "அடியே, வெளக்கு எரியுதே, டோமெங் வந்துட்டானா?"

அவ்வளவுதான். "டோமெங் வந்துட்டான்!" என்று தெருவே திரண்டுவிட்டது. கள் குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் குவளையோடு வந்து நின்றார்கள். அத்தனை முகத்திலும் அப்படியொரு சந்தோஷம். அதை ஏற்றிவைத்தது அவள்தான். பொய்யா அது? பொய்யென்றால் அவள் நெஞ்சும் ஏன் பொங்கியது? ஒரு கணம் அவளே திரும்பி, அவன் நிற்கிறானா என்று வீட்டுக்குள் பார்த்தாள்.

"இல்ல" என்றாள். கூட்டம் அடங்கியது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு, கறுப்பு உடையோடு, காலில் செருப்புகூட இல்லாமல் சாலிங் ஓடிவந்தாள். "எங்கடி எம்புள்ள?"

"வரல அத்தை. நாந்தான்... சும்மா வெளக்கப் போட்டேன்." பெர்லிதா சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள். "அணைச்சிடறேன்."

"தொட்டுப் பாரு, கைய ஒடிச்சிடுவேன்."

சொல்லிவிட்டு சாலிங் வாசல் ஏணிப்படியில் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். மெடிங் என்ன செய்வதென்று தெரியாமல் தட்டை அவள் பக்கத்தில் வைத்தாள். காற்றில் நட்சத்திரம் ஆடியது. சிவப்பும் பச்சையுமாக அதன் வெளிச்சம் அந்தக் கறுப்பு முதுகில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது.