மாக்சனின் போர்வை

அளவு நாடாவின் ஒரு முனையை எம்ரிஸ் மாக்சன் குதிரையின் நெஞ்சு நடுவில் வைத்துப் பிடித்துக்கொண்டான். மறுமுனையை எலூனெட் பின்தொடை முடியும் இடம்வரை இழுத்துப் போனாள். ஒருவரால் ஆகிற வேலை இல்லை அது.

"ஆறடி மூணு அங்குலம். ஆனா போர்வைய ஆறடி ஆறே வாங்கிடுவோம். போன குளிருக்கு ஆறடி மூணு வாங்கித்தான் தோள் ரெண்டும் முடி உதிர்ந்து புண்ணாச்சு."

"நீளம் பத்தாம இல்ல, எலூனெட். தோள்ல இறுக்கிச்சு. இவன் உடம்பு அப்படி, பீரோவுக்குக் கால் முளைச்ச மாதிரி."

"உன் சட்டைய நீயே எடுத்து நான் பார்த்ததில்ல. இவனுக்கு எடுக்க வந்துட்ட."

"நீ எடுத்த எதுலயும் எனக்குக் கழுத்துப் பட்டன் போட முடியல. அதான் சொல்றேன். சரி, சனிக்கிழமை கடையில பேசிக்கலாம்."

ஓடைக்கரை வேலியைப் பார்த்துவிட்டு வருவதாக எம்ரிஸ் போனான். தேநீர் வேளைக்கும் வரவில்லை. பக்கத்துப் பண்ணை மெய்ரிக்தான் வேலியோரம் கிடந்தவனைக் கண்டெடுத்தான். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

கணவனின் அடக்கம் முடிந்த மறுவாரம் உறைபனி வரும் என்று வானொலி சொன்னது. மாக்சனுக்குப் பத்தொன்பது வயது. திறந்த மலைச்சரிவில் போர்வை இல்லாமல் தாங்காது. போன வருஷப் போர்வையைப் போட்டால் புண் மறுபடி திறந்துகொள்ளும். எலூனெட் டிரெகாரன் டவுனுக்குப் பஸ் ஏறினாள். குதிரைச் சாமான் கடைக்கார மென்னா அளவு கேட்டாள். "ஆறடி ஆறு," என்று தன் வாய் சொல்வதை எலூனெட் கேட்டுக்கொண்டு நின்றாள்.

முடி ஒட்டிய போர்வையைக் கடை திருப்பி வாங்காது. அதனால் அடியில் ஒரு துணி விரித்துத்தான் போட்டுப் பார்ப்பார்கள். அழுக்குக் கூடையில் கைக்கு வந்த படுக்கைவிரிப்பை எடுத்துப் போனாள். குதிரையின் முதுகில் விரித்த பிறகுதான், எம்ரிஸ் கடைசியாகப் படுத்து, அன்றிலிருந்து துவைக்காமல் கிடந்தது அது என்று தெரிந்தது. திரும்ப எடுக்கவில்லை. மாக்சன் அதை ஒருதரம் முகர்ந்துவிட்டு எப்போதும்போல் நின்றது.

போர்வை பின்னால் சரிந்தது. விளிம்பு வாலைத் தாண்டித் தொங்கியது.

"இதுக்குள்ள இன்னொருத்தரும் படுக்கலாம் போலிருக்கே," என்றான் வாசல் கதவருகில் மெய்ரிக். பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"வந்தது வந்துட்ட. நாடாவோட அந்த முனையப் பிடி," என்றாள்.

அளந்தார்கள். மறுநாள் மென்னா மாற்றிக்கொடுத்தாள், தோள் அகலமாக வெட்டிய ஆறடி மூன்றை.

எலூனெட் உள்ளங்கையைத் தட்டையாகத் தோளுக்கும் போர்வைக்கும் நடுவே விட்டாள். தடையில்லாமல் போய், தடையில்லாமல் வந்தது. விளிம்பு வால் தொடங்கும் இடத்தில் நின்றது. முன்பட்டைகளை மாட்டினாள். அழுகை வருமா என்று கொஞ்சம் பார்த்தாள். வரவில்லை.

"தோள்தான், எம்ரிஸ்," என்றாள்.

குதிரை புல்லுக்குப் போனது. அதன் நீளம் ஆறடி மூன்று அங்குலம்.